நாடுகளுக்கு நடுவே என்ன இருக்கிறது?

நம் நாட்டுத் தபால்தலையை ஒட்டி, வெளிநாட்டு முகவரி எழுதி, கடிதத்தைப் பெட்டியில் போட்டால் அது போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்த ஊர்த் தபால்காரருக்கு நாம் ஒரு காசும் கொடுக்கவில்லை. அவருடைய அரசும் நம் அரசும் சுமுகமாக இருக்க வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை. ஆனாலும் அவர் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இது இவ்வளவு சுலபமாக இல்லை. நாட்டுக்கு நாடு தனி ஒப்பந்தம், வழியில் கடக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கட்டணம். 1874இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தம் இந்தச் சிடுக்கை அவிழ்த்தது. இன்று உலகத் தபால் ஒன்றியம் என்று சொல்கிறோமே, அது அங்கே பிறந்ததுதான்.

அங்கிருந்து நாற்பது ஆண்டுகள் தள்ளி வாருங்கள். 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஆறு வாரம் ஆவதற்குள் ஐரோப்பாவின் பெரிய அரசுகளில் அநேகமாக எல்லாமே போரில் இறங்கிவிட்டன. கடிதம் கொண்டுபோக ஒத்துக்கொண்ட அதே அரசுகள்தான். பிரிட்டனும் ஜெர்மனியும் ஒன்றுக்கொன்று பெரிய வியாபாரக் கூட்டாளிகள். ஜெர்மன் கெய்சரும் ரஷ்ய ஜாரும் உறவினர்கள். போர் மூளும் நேரத்தில்கூட 'வில்லி', 'நிக்கி' என்று செல்லப்பெயரில் தந்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தபாலில் ஒத்துப்போகத் தெரிந்தவர்களுக்குப் பீரங்கி விஷயத்தில் ஏன் முடியவில்லை? சர்வதேச உறவுகள் என்ற படிப்பை ஒரே கேள்வியாகச் சுருக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

முதலில் பெயரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் 'இன்டர்நேஷனல்' என்ற சொல்லை உருவாக்கியவர் ஜெரமி பெந்தம் என்ற ஆங்கிலேயச் சட்டச் சிந்தனையாளர். 1789இல் வெளியான நூலில், அரசுகளுக்கு இடையிலான சட்டத்தைக் குறிக்கச் சரியான சொல் இல்லை என்று அவரே ஒன்றைச் செய்துகொண்டார். 'இன்டர்' என்றால் இடையில். தமிழில் நாம் வழங்கும் சொற்களில் இந்த 'இடை' காணாமல் போய்விட்டது. சர்வதேசம் என்றால் எல்லா தேசமும். பன்னாட்டு என்றால் பல நாடுகள். அனைத்துலகம் என்றால் முழு உலகமும். மூன்றும் நல்ல சொற்கள்தான், ஆனால் மூன்றுமே நாடுகளைத்தான் காட்டுகின்றன. இந்தப் படிப்போ நாடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைப் பற்றியது.

ஏன் வெற்றிடம்? ஒரு நாட்டுக்குள் இருவர் சண்டை போட்டால் போலீஸ் வரும், நீதிமன்றம் இருக்கிறது, தீர்ப்பை நிறைவேற்ற ஆள் இருக்கிறது. இரண்டு நாடுகள் சண்டை போட்டால் அப்படி யாரும் இல்லை. ஐக்கிய நாடுகள் சபை உலக அரசாங்கம் அல்ல. அதற்குச் சொந்தப் படை கிடையாது; வரி போடும் அதிகாரமும் கிடையாது. ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம் இருக்கிறது. நிகரகுவா தொடுத்த வழக்கில் 1986இல் அது அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. பாதுகாப்புச் சபையில் விஷயம் வந்தபோது தன் வீட்டோவைப் போட்டு முடித்துக்கொண்டது. மேல்முறையீடு செய்ய மேலே யாரும் இல்லை.

இந்த நிலையைத்தான் இத்துறையில் அராஜகம் என்கிறார்கள். அன்றாடத் தமிழில் அந்தச் சொல்லுக்கு அடாவடி, அட்டூழியம் என்ற அர்த்தம் ஏறிவிட்டது. வேரைப் பார்த்தால் அ-ராஜகம், அரசன் இல்லாமை, அவ்வளவுதான். அரசன் இல்லாத இடத்தில் கலவரம் இருக்கலாம்; ஒழுங்காக வரிசையில் நிற்கும் கூட்டமும் இருக்கலாம். எது, எப்போது, ஏன் என்பதில்தான் கோட்பாடுகள் பிரிகின்றன.

பல்கலைக்கழகப் பாடமாக இது பிறந்த கதை சுவையானது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919இல், வேல்ஸ் நாட்டின் கடற்கரை ஊரான அபரிஸ்ட்வித்தில் சர்வதேச அரசியலுக்கென்று உலகின் முதல் பேராசிரியர் இருக்கை நிறுவப்பட்டது. நிலக்கரியிலும் ரயிலிலும் சம்பாதித்த குடும்பத்தைச் சேர்ந்த டேவிட் டேவிஸும் அவருடைய இரு சகோதரிகளும் 20,000 பவுண்டு கொடுத்தார்கள். போரில் இறந்த மாணவர்களின் நினைவாக என்பது நோக்கம். இருக்கைக்கு அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் பெயர். போர் ஏன் வருகிறது என்று அறிவியல்பூர்வமாகப் புரிந்துகொண்டால் அதைத் தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை அன்று உண்மையாகவே இருந்தது.

அதே இருக்கையில் 1936இல் வந்து உட்கார்ந்தவர் ஈ. எச். கார். அவர் செய்த வேலை, அந்த நம்பிக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்துப்போட்டதுதான். அமைதி எல்லோருக்கும் நல்லது என்கிறீர்கள், இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டால் லாபம் உள்ளவர்களுக்குத்தான் அது நல்லது என்பது அவர் வாதம். அந்த வாதத்தை வைத்த அவர் புத்தகம் வெளிவந்த மாதம் 1939 செப்டம்பர். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய அதே மாதம். பணம் கொடுத்த டேவிஸுக்கு இவரைக் கண்டால் ஆகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தப் பிறப்புக் கதைக்குக் கொஞ்சம் சங்கடமான இன்னொரு பக்கமும் உண்டு. பாடநூல்களில் நெடுநாள் அது வரவில்லை. அமெரிக்காவில் 1910இல் தொடங்கிய ஒரு ஆய்விதழின் பெயர் 'இன வளர்ச்சி இதழ்'. 1919இல் அது 'சர்வதேச உறவுகள் இதழ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1922இல் 'ஃபாரின் அஃபேர்ஸ்' என்ற புதிய இதழில் கரைந்தது. இன்றும் வெளியுறவு வட்டாரத்தில் செல்வாக்கான இதழ் அது. வெள்ளை இனத்தார் மற்ற இனத்தாரை எப்படி ஆள்வது என்ற கவலையும் இத்துறையின் தொட்டிலில் கிடந்திருக்கிறது. அமைதி ஆசை மட்டும் அங்கே இல்லை.

சரி, கோட்பாடுகளுக்கு வருவோம்.

மூத்தது யதார்த்தவாதம். அதன் மூலக்கதை கி.மு. 416இல் நடக்கிறது. ஸ்பார்ட்டாவோடு நெடும்போரில் இருந்த ஏதென்ஸ், யார் பக்கமும் சேராமல் இருந்த மெலோஸ் என்ற சின்னத் தீவுக்குப் படையோடு போகிறது. அடிபணியுங்கள் என்கிறது. மெலோஸ்காரர்கள் நியாயம் பேசுகிறார்கள், தெய்வம் இருக்கிறது என்கிறார்கள், ஸ்பார்ட்டா உதவிக்கு வரும் என்கிறார்கள். நியாயம் என்பது சமபலம் உள்ளவர்களுக்கிடையே பேசவேண்டியது. பலமுள்ளவன் முடிந்ததைச் செய்வான், பலமற்றவன் பட்டுத்தான் ஆகவேண்டும் என்கிறது ஏதென்ஸ். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று நாம் மூன்று சொல்லில் சொல்வதை ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் ஒரு முழு உரையாடலாக எழுதிவைத்தார். மெலோஸ் பணியவில்லை. ஆண்கள் கொல்லப்பட்டார்கள், பெண்களும் பிள்ளைகளும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். இதை மேற்கோள் காட்டுபவர்கள் பலர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஏதென்ஸே ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுமையாகும்.

யதார்த்தவாதிகள் சொல்வது இதுதான்: மேலே காவலன் இல்லாததால் ஒவ்வொரு நாடும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும்; அதற்குப் பலம் வேண்டும்; மற்றவன் பலம் கூடும்போது நம் பாதுகாப்பு குறைகிறது. இந்தக் கணக்கு தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி என்று நான்கையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார் வள்ளுவர். அதில் நான்காவதைத்தான் இன்று கூட்டணி என்கிறோம். பக்கத்து அரசன் பகைவன், அவனுக்கு அப்பால் இருப்பவன் நண்பன் என்று கௌடில்யர் வட்டம் போட்டுக் காட்டியதும் இதே கணக்குதான்.

இதில் மிகவும் துயரமான பகுதி யாரும் கெட்டவனாக இல்லாமலே போர் வரலாம் என்பது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா போன ஜான் ஹெர்ட்ஸ் 1950இல் இதற்குப் பாதுகாப்புச் சிக்கல் என்று பெயர் வைத்தார். நான் பயத்தில் வேலியை உயர்த்துகிறேன். என் வேலி உயர்வதைப் பார்த்து நீங்கள் நாய் வளர்க்கிறீர்கள். நாயைப் பார்த்து நான் துப்பாக்கி வாங்குகிறேன். இரண்டு பேருக்குமே சண்டை போடும் எண்ணம் இல்லை, ஆனால் இரண்டு பேருமே முன்பைவிட ஆபத்தில் இருக்கிறோம். 1906இல் பிரிட்டன் 'டிரெட்நாட்' என்ற போர்க்கப்பலை இறக்கியது. அதன் முன்னால் இருந்த கப்பல்கள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிப்போயின. ஜெர்மனியும் அதே மாதிரி கட்ட ஆரம்பித்தது. அடுத்த எட்டு ஆண்டுகள் இரண்டும் மாறி மாறிக் கப்பல் கட்டின.

யதார்த்தவாதி என்றால் போர் வெறியர் என்று நினைத்துவிடக் கூடாது. இத்துறையின் பெரியவரான ஹான்ஸ் மார்கெந்தாவ் வியட்நாம் போரைக் கடுமையாக எதிர்த்தார். ஈராக் மீது படையெடுப்பது அமெரிக்காவின் நலனுக்கு உகந்தது அல்ல என்று 2002இல் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்த பேராசிரியர்களில் யதார்த்தவாதிகளான கென்னத் வால்ட்ஸும் ஜான் மியர்ஷைமரும் இருந்தார்கள். பலத்தை எண்ணிப் பழகியவர்களுக்கு அதை எங்கே வீணடிக்கக் கூடாது என்பதும் தெரிகிறது.

வால்ட்ஸ் 1959இல் கொடுத்த ஒரு கருவி, கோட்பாடு எதுவானாலும் பயன்படும். போருக்குக் காரணத்தை மூன்று தளங்களில் தேடலாம் என்றார்: மனிதரில், நாட்டின் உள்ளமைப்பில், நாடுகளின் அமைப்பில். 1914ஐ எடுத்துக்கொண்டால், கெய்சரின் அவசர புத்தி காரணம் என்பது முதல் தளம். ராணுவத்தின் கை ஓங்கிய ஜெர்மன் அரசமைப்பு காரணம் என்பது இரண்டாவது. ஒருவர் இறங்கினால் எல்லோரையும் இழுத்துவிடும் கூட்டணிச் சங்கிலி காரணம் என்பது மூன்றாவது. தொலைக்காட்சி விவாதங்களில் இருவர் ஒருவரையொருவர் மறுத்துக் கத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, பல நேரங்களில் அவர்கள் வெவ்வேறு தளத்தில் நின்று பேசுகிறார்கள் என்பது புரியும்.

தாராளவாதிகளுக்கு இந்தப் படம் பாதிதான். நாடுகள் ஒருமுறை மட்டும் சந்தித்துவிட்டுப் போவதில்லையே, நாளையும் சந்திக்க வேண்டும். இன்று ஏமாற்றினால் நாளை யாரும் நம்பமாட்டார்கள். விதிகள் எழுதி, யார் மீறுகிறார்கள் என்று பார்க்க ஓர் அமைப்பை வைத்தால், அரசன் இல்லாமலே ஒத்துழைக்க முடியும். தபால் ஒன்றியம் ஒரு சாட்சி. அதைவிட வலுவான சாட்சி 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம். ஓசோன் படலத்தை அரிக்கும் ரசாயனங்களைக் கைவிட ஏற்பட்ட அந்த ஒப்பந்தத்தில் இன்று எல்லா நாடுகளும் இருக்கின்றன, ஓசோன் படலமும் மெல்ல மீண்டு வருகிறது. மறுபக்கம், ஐ.நா.வுக்கு முன்னோடியாக 1920இல் தொடங்கிய நாடுகளின் கழகம் 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் நுழைந்தபோதும், 1935இல் இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தபோதும் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. தாராளவாதிகள் இதை மறைப்பதில்லை. அமைப்பு சரியில்லை என்பார்கள். யதார்த்தவாதிகள் சிரிப்பார்கள்.

மூன்றாவது கூட்டம் 1990களில் பெரிதாக எழுந்தது. கட்டுமானவாதம் என்று தமிழில் சொல்லலாம். அலெக்சாண்டர் வென்ட் ஒரு எளிய உதாரணம் சொன்னார்: பிரிட்டனிடம் உள்ள 500 அணுகுண்டுகளைவிட வடகொரியாவிடம் உள்ள 5 குண்டுகள் அமெரிக்காவுக்கு அதிக அச்சம் தருகின்றன. குண்டு குண்டுதானே? ஆனால் ஒருவர் நண்பர், மற்றவர் பகைவர். அந்த நட்பும் பகையும் எண்ணிக்கையில் இல்லை, ஒருவரையொருவர் பார்த்துப் பழகிய விதத்தில் இருக்கிறது. அரசன் இல்லாமை தானாக எதையும் செய்வதில்லை, அதை எதுவாக ஆக்கிக்கொள்வது என்பது நாடுகளின் கையில்.

மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க பிரான்ஸ்-ஜெர்மனி எல்லை வசதியானது. 1870, 1914, 1940 என்று எழுபது ஆண்டுகளில் மூன்று முறை படைகள் மோதிய எல்லை அது. பின்பு 1951இல் நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தில் வைக்க ஒப்பந்தம் போட்டார்கள். இன்று இரண்டுக்கும் நடுவே போர் என்று யாராவது சொன்னால் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். ஏன் மாறியது? அமெரிக்கப் படையும் சோவியத் பயமும் இருவரையும் ஒரே பக்கம் தள்ளின என்பார் யதார்த்தவாதி. சேர்ந்து கட்டிய நிறுவனங்கள் என்பார் தாராளவாதி. தாங்கள் யார் என்ற நினைப்பே மாறிவிட்டது என்பார் மூன்றாமவர். மூவரும் கொஞ்சம் சரி என்று சொல்லி நழுவலாம், ஆனால் எனக்கு முதலாமவர் சொல்வது ஆரம்பத்தையும், மூன்றாமவர் சொல்வது இன்றைய நிலையையும் நன்றாக விளக்குவதாகத் தோன்றுகிறது.

இந்த மூவரின் சண்டைக்கு வெளியே நின்று வேறு கேள்வி கேட்டவர்களும் உண்டு. அர்ஜென்டினாவின் பொருளாதார அறிஞர் ராவுல் பிரெபிஷ், மூலப்பொருளை விற்று இயந்திரத்தை வாங்கும் நாடுகள் வியாபாரத்தில் ஏன் பின்தங்கிக்கொண்டே போகின்றன என்று கேட்டார். அமெரிக்க ஆய்வாளர் சிந்தியா என்லோ, இந்தக் கதையில் பெண்கள் எங்கே என்று கேட்டு, ராணுவத் தளங்களைச் சுற்றியும், தூதர்களின் வீடுகளிலும், வாழைத்தோட்டங்களிலும் தேடிப்போனார். அப்புறம், 1945க்குப் பிந்தைய காலத்தை 'நீண்ட அமைதி' என்று அழைப்பது கொரியாவிலோ வியட்நாமிலோ அங்கோலாவிலோ இருந்தவருக்கு எப்படிக் கேட்கும் என்ற கேள்வி. ஐ.நா. தொடங்கியபோது உறுப்பினர்கள் 51, இன்று 193. இன்றைய நாடுகளில் பெரும்பாலானவை, விதிகள் எழுதப்பட்டபோது மேசையில் இல்லை. 1955இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் 29 ஆசிய, ஆப்பிரிக்க அரசுகள் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இத்துறைக்குத் தலைகுனிவும் உண்டு. 1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது. நாற்பது ஆண்டுகளாக அதைத் தவிர வேறெதையும் அதிகம் பேசாத துறை, அதை எதிர்பார்க்கவில்லை. கட்டுமானவாதம் தலையெடுத்தது இந்தத் தோல்விக்குப் பிறகுதான் என்பது தற்செயல் அல்ல.

எதிர்காலத்தைச் சொல்லத் தெரியாத படிப்பு எதற்கு என்று கேட்கலாம். 1962 அக்டோபரை ஒருமுறை நெருங்கிப் பார்த்தால் பதில் கிடைக்கும். கியூபாவில் சோவியத் அணு ஏவுகணைகள் அமைக்கப்படுவதை அமெரிக்க உளவு விமானம் படம் எடுக்கிறது. துருக்கியில் அமெரிக்க ஏவுகணைகள் ஏற்கெனவே சோவியத்தை நோக்கி நின்றன. அணுகுண்டு எண்ணிக்கையில் சோவியத் வெகுவாகப் பின்தங்கியிருந்தது. பலக்கணக்கு அங்கே தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஏவுகணைத் தளங்களைச் சரியாக மறைக்காமல் ஏன் கட்டினார்கள்? 1971இல் இந்த நெருக்கடியை ஆராய்ந்த கிரஹாம் அலிசன், படைப்பிரிவு தன் வழக்கமான நடைமுறைப்படி கட்டியது என்று காட்டினார். நாடு என்பது ஒரே மூளை கொண்ட ஆள் அல்ல. அமெரிக்கா கடல் முற்றுகை போட்டது, ஆனால் முற்றுகை என்றால் போர்ச்செயல் என்பதால் அதற்குத் 'தனிமைப்படுத்தல்' என்று பெயர் வைத்தது. ஒரு சொல்லுக்கு அவ்வளவு கனம். அக்டோபர் 27 அன்று கடலடியில் சிக்கியிருந்த சோவியத் நீர்மூழ்கி ஒன்றில் அணு டார்ப்பிடோவை ஏவும் பேச்சு எழுந்ததாகவும், வசீலி அர்கிப்போவ் என்ற அதிகாரி அதைத் தடுத்ததாகவும் உடனிருந்தவர்கள் பின்னர் சொன்னார்கள். வால்ட்ஸின் முதல் தளம், தனி மனிதன்.

அந்த நாட்களில் இரு தலைநகரங்களும் பேசிக்கொள்ளப் பட்ட பாடு இன்று நம்ப முடியாதது. வாஷிங்டனில் சோவியத் தூதராக இருந்த டோப்ரினின், தன் ரகசியத் தந்திகளை எடுத்துப்போகத் தந்தி நிறுவனத்தின் ஆள் சைக்கிளில் வருவார் என்றும், வழியில் வேறெங்கும் நிற்காமல் போகவேண்டுமே என்று வேண்டிக்கொள்வோம் என்றும் எழுதியிருக்கிறார். 28ஆம் தேதி ஏவுகணைகளை அகற்றச் சம்மதித்த சோவியத் தலைவர் குருஷ்சேவின் பதில், நேரம் வீணாகக் கூடாது என்று நேரே மாஸ்கோ வானொலியில் வாசிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு ஜூனில் ஒரு நேரடித் தொடர்பு அமைக்க ஜெனீவாவில் கையெழுத்தானது. சினிமாக்களில் சிவப்புத் தொலைபேசியாக வருவது இதுதான். உண்மையில் அது தொலைபேசியே அல்ல, கம்பி வழியே எழுத்தை அனுப்பும் தட்டச்சு இயந்திரம். பேச்சில் அவசரமும் கோபமும் கலந்துவிடும், மொழிபெயர்ப்பு தடுமாறும் என்று வேண்டுமென்றே எழுத்தாக வைத்தார்கள். லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி வழியாகக் கம்பி போனது. 1963 ஆகஸ்ட் 30 அன்று வாஷிங்டன் முதல் சோதனைச் செய்தியை அனுப்பியது: சுறுசுறுப்பான பழுப்பு நரி சோம்பேறி நாயின் முதுகைத் தாண்டிக் குதித்தது, 1234567890. ஆங்கிலத் தட்டச்சு பழகியவர்களுக்குத் தெரியும், அந்த மொழியின் அத்தனை எழுத்தும் வருவதற்காகச் சொல்லப்படும் வாக்கியம் அது. மாஸ்கோ முனையில் இருந்தவர்கள் அந்த நரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு எழுதியதாகச் சொல்வார்கள்.